பதினோரு லிட்டர், பத்து கிலோ: எண்ணெய்க் கணக்குப் போடுவது எப்படி

"அக்கா, கடலை எண்ணெய் டின்னு என்ன விலை?" என்று போனில் கேட்பவர்களிடம், "கிலோ டின்னா, லிட்டர் டின்னா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பாதிப் பேருக்கு அந்தக் கேள்வியே புதிதாக இருக்கும். டின் என்றால் டின்தானே, அதில் என்ன இரண்டு வகை என்று நினைக்கிறார்கள். 15 கிலோ டின்னுக்கும் 15 லிட்டர் டின்னுக்கும் ஒன்றரை லிட்டர் வித்தியாசம். ஒரு சின்னக் குடும்பத்துக்கு இரண்டு மூன்று வாரச் சமையல் எண்ணெய் அது.

விருதுநகரில் எங்களுக்கு எண்ணெய்க் கடை. மாமனார் ஆரம்பித்தது. 1988-ல் கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதமே என்னைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டார். அவர் சிறு வயதில் தொழிலுக்கு வந்தபோது எண்ணெய் வீசையில்தான் விற்றது. கிலோ கணக்கு நம் நாட்டில் 1958 அக்டோபரில் ஆரம்பித்துப் படிப்படியாக வந்தது. அதற்கு முன்னால் 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. ஒரு வீசை சுமார் 1.4 கிலோ. கடைசி வரைக்கும் மாமா 15 கிலோ டின்னைப் பார்த்து, "பத்தரை வீசைக்குக் கொஞ்சம் கூட" என்றுதான் சொல்லுவார். வீசை எடைக் கணக்கு. முகத்தல் கணக்கு இல்லை. எண்ணெயைத் தராசில் பார்த்தே பழகியவர் அவர். எங்கள் ஊர்ச் சந்தை நிலவரத்தில் இன்றைக்கும் நல்லெண்ணெய், பாமாயில் எல்லாம் 15 கிலோவுக்கு இவ்வளவு என்றுதான் போடுவார்கள். சில்லறைக் கடைக்கு வந்ததும் அதே எண்ணெய் லிட்டர் ஆகிவிடுகிறது. குழப்பம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

மாமா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் கணக்கு இது: "பதினோரு லிட்டர், பத்து கிலோ. இதை மட்டும் மறந்துராத தாயி." கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், தேங்காய் எண்ணெய், பாமாயில் எதுவாக இருந்தாலும் ஒரு லிட்டர் 905 கிராமுக்கும் 918 கிராமுக்கும் நடுவில்தான் நிற்கும். பாக்கெட்டில் 1 லிட்டர் என்று போட்டு அதன் பக்கத்திலேயே 910 கிராம் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த 910-ஐ மனக்கணக்குக்குச் சுலபமாக்கினால் 11-க்கு 10 வந்துவிடும்.

கிலோவை லிட்டராக மாற்றப் பத்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். 15 கிலோவோடு ஒன்றரையைக் கூட்டினால் 16.5 லிட்டர். 50 கிலோ 55 லிட்டர். ஒரு டன் 1,100 லிட்டர். லிட்டரிலிருந்து கிலோவுக்குப் போகும்போதுதான் பலரும் தவறுகிறார்கள். அப்போதும் பத்தில் ஒரு பங்கையே கழித்துவிடுகிறார்கள். கழிக்க வேண்டியது பதினொன்றில் ஒரு பங்கு. 5 லிட்டர் கேனில் சுமார் 4.55 கிலோ. 15 லிட்டர் டின்னில் 13.65 கிலோ. 200 லிட்டர் டிரம்மில் 182 கிலோ. கையில் கால்குலேட்டர் இருந்தால் லிட்டரை 0.91-ஆல் பெருக்குங்கள், கிலோ வரும். கிலோவை 0.91-ஆல் வகுத்தால் லிட்டர் வரும்.

விலை ஒப்பிடும்போது இதே எண் தலைகீழாக வேலை செய்யும். கிலோ விலையை 0.91-ஆல் பெருக்கினால் லிட்டர் விலை. ஒரு கடையில் 15 கிலோ டின் 2,700 ரூபாய், இன்னொரு கடையில் 15 லிட்டர் டின் 2,580 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது கடையில் 120 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். முதல் கடையில் கிலோ 180, அதை 0.91-ஆல் பெருக்கினால் லிட்டர் 163 ரூபாய் 80 காசு. இரண்டாவது கடையில் லிட்டர் 172. மிச்சம் பிடிப்பதாக நினைத்து லிட்டருக்கு எட்டு ரூபாய் கூடக் கொடுத்துவிட்டு வருவீர்கள்.

என் நாத்தனார் மகள் கல்யாணத்தில் இது எங்கள் வீட்டுக்கே நடந்தது. வெளியூர்க் கல்யாணம். சமையல்காரத் தவசிப்பிள்ளை எழுதிக் கொடுத்த சிட்டையில் "எண்ணெய் 6 டின்" என்று மட்டும் இருந்தது. அவர் மனதில் இருந்தது கிலோ டின், அதாவது 90 கிலோ. அந்த ஊர்க் கடையில் இறக்கியது லிட்டர் டின், 82 கிலோகூட இல்லை. எட்டு கிலோவுக்கு மேல், ஒன்பது லிட்டர் துண்டு விழுந்தது. முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி பத்தரை மணிக்கு, அதிரசத்துக்கு மாவு பிசைந்து வைத்துவிட்டு எண்ணெய்க்கு ஆள் அனுப்பினோம். கடைக்காரரும் பொய் சொல்லவில்லை, தவசிப்பிள்ளையும் தப்பாக எழுதவில்லை. "டின்" என்ற ஒரு சொல்லை ஆளுக்கொரு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து யாருக்குச் சிட்டை எழுதினாலும் "எண்ணெய் 90 கிலோ" என்று எழுதச் சொல்கிறேன். டின் என்பது பாத்திரம், அதை அளவாக எழுதாதீர்கள்.

கிலோ டின்னிலும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: டின்னோடு சேர்த்து 15-ஆ, டின் போக 15-ஆ? காலி டின் ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். நிகர எடை என்று அச்சிட்டிருந்தால் அது எண்ணெய் மட்டும். அச்சில்லாத டின்னில் ஊற்றிக் கொடுத்தால், ஊற்றுவதற்கு முன்பே காலி டின்னைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம். சரியான வியாபாரி யாரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இப்போது மரச்செக்கு ஊருக்கு ஊர் வந்துவிட்டது. நல்ல விஷயம், எனக்குச் சந்தோஷம். சொந்தமாக நிலக்கடலைப் பருப்பு வாங்கிக்கொண்டு போய் ஆட்டுகிறவர்கள் என்னிடம் வந்து, "அக்கா, அவர்கிட்ட 10 கிலோவுக்கு நாலே முக்கால் வந்துச்சு, இவர்கிட்ட நாலு இருநூறுதான் வந்துச்சு" என்பார்கள். நாலே முக்கால் என்ன? கிலோவா, லிட்டரா? விசாரித்தால் முதல் ஆள் லிட்டரில் அளந்திருப்பார், இரண்டாவது ஆள் தராசில் நிறுத்திருப்பார். 4 கிலோ 200 கிராம் எண்ணெய் 4.6 லிட்டருக்குக் கொஞ்சம் கூடவே வரும். இரண்டு செக்குக்கும் பெரிய வித்தியாசமே இல்லை.

ஆட்டக் கொடுப்பவர்களுக்கு நான் சொல்வது, எல்லாவற்றையும் கிலோவிலேயே எழுதுங்கள் என்பதுதான். செக்கில் போட்ட பருப்பு எத்தனை கிலோ, இறங்கிய எண்ணெய் எத்தனை கிலோ, புண்ணாக்கு எத்தனை கிலோ, கசடு எவ்வளவு. எண்ணெயையும் புண்ணாக்கையும் கசடையும் கூட்டினால் போட்ட எடைக்குக் கிட்டத்தட்ட வந்து நிற்க வேண்டும். ஆட்டும்போது தண்ணீர் தெளித்திருந்தால், எள்ளுக்குக் கருப்பட்டி சேர்த்திருந்தால், அந்த எடையையும் போட்ட பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். கிலோவில் எழுதினால் கணக்குக் கட்டும். லிட்டரில் எழுதினால் எதை எதோடு கூட்டுவது? புண்ணாக்கை லிட்டரில் அளக்க முடியாதே. இன்னொன்று, செக்கிலிருந்து இறங்கிய உடனே நிறுத்தால் கசடும் எண்ணெய்க் கணக்கில் ஏறும். தெளியவிட்டு, மேலாக வடித்து எடுத்த எண்ணெயைத் திரும்ப நிறுத்துப் பாருங்கள். உங்கள் சமையலுக்கு வருவது அந்த எடைதான்.

லிட்டர் அளவை ஏமாற்றுவது சூடு. எண்ணெய் சூடானால் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். எடை மாறாது, அது அடைக்கிற இடம்தான் மாறும். என் பேரேட்டின் உள்ளட்டையில் எழுதி வைத்திருக்கிற கணக்கு: 10 டிகிரி சூடு ஏறினால் ஒரு லிட்டர் அளவில் பிடிக்கிற எண்ணெயின் எடை சுமார் 7 கிராம் குறையும். சித்திரை வெயிலில் 40 டிகிரியில் இருக்கிற எண்ணெயும் மார்கழி விடியலில் 20 டிகிரியில் இருக்கிற எண்ணெயும் லிட்டருக்கு 13, 14 கிராம் வித்தியாசப்படும். 15 கிலோ டின்னில் அது கால் லிட்டர். அதனால்தான் டின்னில் வாய்வரை நிரப்பாமல் மேலே இடம் விடுகிறார்கள். மார்கழியில் கழுத்து முட்ட நிரப்பி மூடிய கேன் பங்குனியில் மூடி வழியாகக் கசியும்.

எக்ஸ்பெல்லர் என்ற எண்ணெய் ஆட்டும் இயந்திரத்திலிருந்து சூடாக இறங்கிய எண்ணெயை அப்படியே பாட்டிலில் பிடித்தால் மறுநாள் மட்டம் இறங்கியிருக்கும். 60 டிகிரியில் பிடித்த ஒரு லிட்டர், 30 டிகிரிக்கு வந்ததும் 20 மில்லிக்கு மேல் குறைந்து நிற்கும். யாரும் குடிக்கவில்லை, ஓட்டையும் இல்லை. முதலில் ஊற்றியதே அந்த அளவு எடைதான்.

இது பெரிய கம்பெனிக் கணக்கிலும் இருந்தது. பாக்கெட்டில் "1 லிட்டர்" என்று போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் 60 டிகிரி வரைக்கும் சூட்டைக் குறிப்பிட்டுவிட்டால், குறைந்த எடை எண்ணெயே அந்தச் சூட்டில் ஒரு லிட்டர் ஆகிவிடும். 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதைச் சரிசெய்யச் சொன்னது. அவர்கள் காட்டிய உதாரணம் சோயா எண்ணெய்: 21 டிகிரியில் லிட்டருக்கு 919 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம். சூட்டைக் குறிப்பிடாமல் அளவைப் போட வேண்டும், லிட்டரில் போட்டால் கூடவே எடையையும் போட வேண்டும், 2023 ஜனவரி 15-க்குள் மாற்றிக்கொள்ளுங்கள் என்று கெடு வைத்தார்கள். ஆகவே பாக்கெட் வாங்கும்போது பெரிய எழுத்து விலையை விட்டுவிட்டு நேராகக் கிராமுக்குப் போங்கள். 850 மில்லி பாக்கெட்டும் ஒரு லிட்டர் பாக்கெட்டும் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே உயரத்தில் நிற்கும். 850 மில்லி என்றால் 773 கிராம். விலையைக் கிராமால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் கிலோ விலை வந்துவிடும். அதை எந்த டின்னோடும் எந்த செக்கோடும் ஒப்பிடலாம்.

பதினொன்றுக்குப் பத்து என்ற கணக்கு எல்லா எண்ணெய்க்கும் பொருந்தாது. விளக்கெண்ணெய் கனம். ஒரு லிட்டர் சுமார் 955 கிராம் இருக்கும். அதை ஊற்றும்போதே அதன் கெட்டி கையில் தெரியும். 15 கிலோ விளக்கெண்ணெய் 15.7 லிட்டர்தான் வரும். கோயில் விளக்குக்கு நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து வாங்குபவர்கள் இரண்டையும் ஒரே கணக்கில் போட்டுவிடுகிறார்கள். மண்ணெண்ணெய் நேர் எதிர், சமையல் எண்ணெயைவிட லேசு, லிட்டருக்குச் சுமார் 800 கிராம்.

தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். உறைந்தால் சுருங்கும், நடுவில் குழியும். அந்த நிலையில் லிட்டரில் அளக்கவே முடியாது. வெயிலில் வைத்து உருக்கி அளங்கள், இல்லை அப்படியே தராசில் வையுங்கள்.

பாட்டி எழுதி வைத்த குறிப்புகளில் படியும் ஆழாக்கும் வரும். 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு படி. ஆகப் படிக்கு 8 ஆழாக்கு. இது எல்லா ஊருக்கும் பொது. ஆனால் அந்தப் படி எவ்வளவு என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆழாக்கு 168 மில்லி என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். எங்கள் அம்மாச்சி வீட்டுப் பித்தளை ஆழாக்கு அதற்கும் பெரிது. அவரவர் வீட்டு ஆழாக்கை அவரவர்தான் அளந்துகொள்ள வேண்டும், அது ஐந்து நிமிட வேலை.

சமையலறைத் தராசில் காய்ந்த ஆழாக்கை வைத்துப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டு வாருங்கள். விளிம்பு தட்டத் தண்ணீர் ஊற்றுங்கள். தராசு காட்டுகிற கிராம்தான் அந்த ஆழாக்கின் மில்லி. தண்ணீருக்குக் கிராமும் மில்லியும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளலாம், வீட்டுக் கணக்குக்கு அது போதும். எங்கள் ஆழாக்கில் 182 கிராம் தண்ணீர் பிடித்தது. ஆகவே அது 182 மில்லி. எண்ணெய் என்றால் பதினொன்றால் வகுத்துப் பத்தால் பெருக்கி, 165 கிராம். அம்மாச்சியின் ஆவக்காய்க் குறிப்பில் மூன்று ஆழாக்கு நல்லெண்ணெய் என்று இருக்கும். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட அரைக் கிலோ. அத்தனை வருஷமாக அந்த ஊறுகாயை நான் குத்துமதிப்பாகப் போட்டு, ஒரு வருஷம் எண்ணெய் மேலே நிற்காமல் பூசணம் பிடித்ததும் உண்டு. தராசில் வைத்த பிறகு ஒரு ஜாடிகூடக் கெடவில்லை. ஆழாக்கின் அடியில் 182 என்று ஆணியால் கீறி வைத்திருக்கிறேன். இதே முறையில் வீட்டு எண்ணெய்க் கரண்டியையும் தூக்கையும் அளந்துவிடலாம்.

கரண்டி என்றதும், ஒரு நாளைக்கு இத்தனை கிராம் எண்ணெய்தான் என்று டாக்டர் சொல்லும் கணக்கு நினைவுக்கு வருகிறது. அளவுக் கரண்டியில் பெரிய கரண்டி 15 மில்லி, 13.5 கிராம் எண்ணெய். சின்னது 5 மில்லி, 4.5 கிராம். மாதம் இரண்டு லிட்டர் வாங்குகிற நாலு பேர் குடும்பத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 கிராம் ஆகிறது. உங்கள் வீட்டுக் கணக்கையும் இதே மாதிரி போட்டுப் பாருங்கள்: மாத லிட்டரை 910-ஆல் பெருக்கி, ஆள் எண்ணிக்கையாலும் முப்பதாலும் வகுக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு வேறு தொல்லை. அமெரிக்காவில் காலன் 3.785 லிட்டர். பழைய இங்கிலாந்து காலன் 4.546 லிட்டர். இரண்டும் ஒன்றில்லை. சமையல் எண்ணெய்க்கு அமெரிக்க காலன் சுமார் 3.44 கிலோ. அங்கே கடையில் 48 அவுன்ஸ் என்று பாட்டில் இருக்கும். அது முகத்தல் அவுன்ஸ், ஒன்று 29.57 மில்லி, ஆக 1.42 லிட்டர். எடை அவுன்ஸ் 28.35 கிராம். பெயர் ஒன்றாக இருப்பதால் 48-ஐ 28.35-ஆல் பெருக்கி 1,360 கிராம் என்று போட்டால் தப்பு. உள்ளே இருப்பது 1,290 கிராம்.

செய்தியில் கச்சா எண்ணெய் பேரல் இத்தனை டாலர் என்று வரும்போது என் பேரன் கடை வாசலில் நிற்கிற நீல டிரம்மைக் காட்டி, "இதுவா ஆச்சி?" என்று கேட்டான். நாமும் அந்த டிரம்மைப் பேரல் என்றுதான் சொல்கிறோம். அது வேறு, இது வேறு. டிரம் 200 லிட்டர். கச்சா எண்ணெய் பேரல் 42 அமெரிக்க காலன், 159 லிட்டருக்கு ஒரு பொட்டு குறைவு. அந்த 42 வந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1866-ல் பென்சில்வேனியாவில் எண்ணெய்க் கிணறு வைத்திருந்தவர்கள் மரப்பீப்பாயில் விற்றார்கள். வழியில் கசிந்து குறையும் என்று வாங்குபவருக்குச் சந்தேகம். 40 காலனுக்குக் காசு வாங்கிக்கொண்டு 2 காலன் சேர்த்தே கொடுப்போம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். நம் ஊரில் அண்ணாச்சி கடையில் கொடுக்கிற கொசுறு மாதிரிதான். அந்தக் கொசுறு இன்றைக்கும் உலகம் முழுவதும் கணக்கில் ஏறி நிற்கிறது.

கடைசியாக ஊற்றும் முறை. லிட்டர் அளவில்தான் வாங்கியாக வேண்டும் என்றால், அளவுக் குவளையில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் தராசுக்கும் அளவைக்கும் முத்திரை போடுவது தொழிலாளர் துறை. உங்கள் பாத்திரத்தில் கவிழ்த்த பிறகு குவளையைச் சட்டென்று எடுக்க விடாதீர்கள். எண்ணெய் சுவரில் ஒட்டும், குளிர் காலத்தில் இன்னும் கூடுதலாக ஒட்டும். கம்பி மாதிரி ஒழுகுவது நின்று சொட்டுச் சொட்டாக விழும் வரைக்கும் பிடிக்கச் சொல்லுங்கள். நுரையோடு அளந்தால் நுரை அடங்கும் வரை காத்திருங்கள். எங்கள் கடையில் குவளை ஆணியில்தான் தொங்குகிறது. லிட்டர் கேட்டு வருபவர்களுக்கும் பாட்டிலைத் தராசில் வைத்து, பூஜ்ஜியத்துக்குக் கொண்டு வந்து, 910 வரும் வரைக்கும் ஊற்றுகிறேன். விளக்கெண்ணெய் கேட்டால் 955.